பத்தாயிரம் டாலரும் ஒரு குடும்பத்தின் மானமும்



இன்று ஒரு நாடகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைவரவர்கள் சொன்னவுடன் உங்களில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதைக் கவனித்தேன். அதில் ஒன்றும் தப்பில்லை. நாடகம் என்றால் நமக்கு என்ன ஞாபகத்துக்கு வருகிறது? சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காகப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விற்ற அரிச்சந்திரன் கதை. குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டுக்குச் சுமந்து போன நளாயினி கதை. இவைகளை விடிய விடியக் கண் விழித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவன் என்ன கொண்டு போகிறான்? ஆண்பிள்ளை தன் திமிரையும், பெண்பிள்ளை தன் அடிமைப் புத்தியையும் இன்னும் கொஞ்சம் கெட்டிப்படுத்திக் கொண்டு போவதைத் தவிர வேறு லாபம் கிடையாது.

நான் சொல்லப் போகிற நாடகத்தில் ராஜா இல்லை, ரிஷி இல்லை, கடைசிக் காட்சியில் ரிஷப வாகனத்தில் வந்து வரம் கொடுக்கிற சாமியும் இல்லை. கூலிக்குக் கார் ஓட்டுகிற ஒருவன், வீட்டு வேலை செய்கிற அவன் மனைவி, காலேஜில் படிக்கிற தங்கை, வயதான தாயார், ஒரு சிறுவன் ஆகிய இவ்வளவு பேர்தான். எல்லோரும் அமெரிக்காவில் சிக்காகோ பட்டணத்துக் கறுப்பு மக்கள். எழுதியவர் லொரேன் ஹான்ஸ்பெரி என்கிற கறுப்பு அம்மையார். நாடகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் "வெயிலில் ஒரு உலர்ந்த திராட்சை" என்று ஆகும். லாங்ஸ்டன் ஹியூஸ் என்கிற கறுப்புக் கவிஞரின் பாட்டு ஒன்றிலிருந்து இந்தப் பெயரை எடுத்தார்கள். 1959-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி நியூயார்க்கில் பிராட்வே என்கிற நாடகத் தெருவில் இது முதல் முதலாக நடந்தது. அப்போது அந்த அம்மையாருக்கு வயது 28. ஒரு கறுப்புப் பெண்மணி எழுதிய நாடகம் அந்தத் தெருவில் ஏறியது அதுவே முதல் தடவை. அங்கு 530 தடவை நடந்தது. அந்த வருஷம் நியூயார்க் நாடக விமர்சகர்கள் கொடுக்கிற பரிசும் இதற்கே கிடைத்தது.

பரிசு கிடைத்தது என்பதற்காக நான் இதைச் சொல்ல வரவில்லை. ஒரு வீட்டுக்குள் நடக்கிற சண்டைக்கும், அந்த வீட்டுக்கு வெளியே உள்ள உயர்வு தாழ்வுக்கும் என்ன சம்பந்தம் என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டிய நாடகம் நான் வேறு கண்டதில்லை. அதனால்தான் சொல்லுகிறேன்.

ஒரு ஜன்னல் வீடு

முதலில் கதையைக் கேளுங்கள். குடும்பத்தின் பெயர் யங்கர். தாயார் பெயர் லீனா. அவளுடைய புருஷன் உடலை உருக்கி உழைத்துச் செத்துப் போனவன். மகன் வால்ட்டருக்கு வயது 35. ஒரு வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டுகிறான். மனைவி ரூத் அடுத்தவர் வீட்டில் சமைக்கிறாள், துவைக்கிறாள். தங்கை பெனீதா டாக்டராக வேண்டுமென்று படிக்கிறாள். வால்ட்டரின் மகன் டிராவிஸ் பத்துப் பதினொரு வயதுப் பையன். அவனுக்குப் படுக்க அறை கிடையாது. கூடத்தில் இருக்கிற சோபாவில் படுக்க வேண்டும். பெரியவர்கள் பேசி முடிக்கிற வரையில் பையன் தூங்க முடியாது. வீட்டுக்குள் வெளிச்சம் வர ஒரே ஒரு சின்ன ஜன்னல்தான். குளிக்கிற அறையும் கக்கூசும் வெளி நடையில், பக்கத்துக் குடித்தனக்காரரோடு பொது. காலையில் எழுந்ததும் யார் முதலில் போவது என்று ஓட்டப் பந்தயம். தாயாரும் தகப்பனும் கல்யாணமான புதிதில் ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே இருக்கப் போவதில்லை என்று சொல்லிக் கொண்டு குடி வந்த வீடு இது. தகப்பன் அதிலேயே கிழவனாகிச் செத்தான்.

அந்தத் தகப்பன் செத்ததற்கு இன்ஷூரன்ஸ் பணம் பத்தாயிரம் டாலர் வரப் போகிறது. நாடகம் ஆரம்பமாவதே அந்தச் செக்கை எதிர்பார்த்துக் கொண்டு இருக்கிற நாளில்தான். காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்த இடத்திலேயே சண்டை தொடங்குகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது சென்ட் வேண்டுமென்று பையன் கேட்கிறான். இல்லை என்கிறாள் தாய். தகப்பனுக்கு ரோஷம் வருகிறது. ஐம்பதைக் கொடுத்து, மேலே இன்னொரு ஐம்பதும் கொடுத்து அனுப்புகிறான். பிறகு தான் வேலைக்குப் போக வண்டிச் சத்தமில்லாமல் அந்த மனைவியிடமே வந்து கை நீட்டுகிறான். தோழர்களே, சிரிக்கிறீர்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இது நடக்காதது?

வால்ட்டருக்கு அந்தப் பணத்தில் இரண்டு சிநேகிதர்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு மதுக்கடை வைக்க வேண்டும். எத்தனை நாளைக்குக் கார்க் கதவைத் திறந்து விட்டுக் கொண்டு "சரிங்க ஐயா" என்று நிற்பது என்கிறான். பெனீதாவுக்கு டாக்டர் படிப்புக்குப் பணம் வேண்டும். ரூத்துக்கு இந்தப் பொந்தை விட்டு வெளியேறினால் போதும். தாயாருக்கு ஒரு சின்ன வீடும், பின்னால் செடி வைக்கக் கொஞ்சம் மண்ணும் வேண்டும். ஜன்னல் ஓரத்தில் ஒரு சட்டியில் நோஞ்சான் செடி ஒன்றை வைத்துக்கொண்டு வெயிலுக்குத் தவம் கிடக்கிறாள். ஆக, நான்கு பேருக்கு நான்கு ஆசை, செக்கோ ஒன்றுதான். ஆகவே, ஒவ்வொருவர் கண்ணுக்கும் மற்றவர் திருடராகத் தோன்றுகிறார்கள். டாக்டராக ஆகவேண்டுமென்று உன்னை யார் கேட்டது, மற்றப் பெண்களைப் போல் நர்சாகப் போகக் கூடாதா அல்லது கல்யாணம் செய்துகொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று அண்ணன் தங்கையைக் கேட்கிறான். ரூத் மறுபடியும் கர்ப்பமாகிறாள். பிள்ளையை விட இடமில்லை என்று பயந்து, கருவைக் கலைக்கிற ஒருத்தியிடம் யாருக்கும் தெரியாமல் ஐந்து டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறாள். பிள்ளை வேண்டும், வேண்டாம் என்று தீர்மானிப்பது பெண்ணின் இஷ்டமாக இருக்க வேண்டும் என்பது நமது கொள்கை. ஆனால் இங்கே தீர்மானித்தது ரூத்தா? அவளுக்காகத் தீர்மானித்தது அந்த ஒரு ஜன்னல் வீடு அல்லவா?

சண்டை எங்கே பிறந்தது?

இதைப் பார்க்கிறவன் என்ன சொல்லுவான்? "இது என்ன குடும்பம்! அண்ணன் பொறுப்பில்லாதவன், தங்கை அடங்காதவள், மருமகள் நச்சரிப்பவள்" என்று சொல்லுவான். இன்னும் கொஞ்சம் திமிர் பிடித்தவனாயிருந்தால், "இந்த ஜனங்களே இப்படித்தான்" என்று சொல்லுவான். அவன் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நான்கு பேரும் சம்பாதிக்கக் கூடிய, புத்தியுள்ள, உழைக்கிற ஒரு குடும்பம் இத்தனை வருஷமாக ஏன் அந்தப் பொந்தில் கிடந்தது?

அந்தக் கேள்விக்குப் பதில் சிக்காகோவின் சரித்திரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு மாகாணங்களில் பருத்திக் காட்டிலும், குத்தகை நிலத்திலும் வதைபட்ட கறுப்பர்கள், அடித்துக் கொல்லப்படாமல் உயிர் பிழைத்தால் போதுமென்று லட்சக் கணக்கில் வடக்கே வந்தார்கள். 1910-ல் சிக்காகோவில் ஏறத்தாழ 44,000 கறுப்பர்கள். 1940-ல் ஏறத்தாழ 2,78,000 பேர். ஜனத்தொகை ஆறு பங்கு ஆனதே, குடியிருக்கிற இடமும் அதற்குத் தக்கபடி பெருகியதா? பெருக விடவில்லை. எப்படி விடவில்லை என்றால் பத்திரம் எழுதித்தான்! தெருவிலுள்ள வெள்ளைக்கார வீட்டுக்காரர்கள் கூடிக் கையெழுத்துப் போட்டு, "எங்கள் வீட்டை எந்தக் கறுப்பருக்கும் விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், குடியிருக்க விட மாட்டோம்" என்று ஒப்பந்தம் எழுதி அதை ரிஜிஸ்தரும் செய்தார்கள். 1927 முதல் அந்த ஊர் வீட்டுத் தரகர்கள் சங்கமே இதற்கு மாதிரிப் பத்திரம் தயாரித்துக் கொடுத்தது.

அந்தப் பத்திரத்தில் ஒரு விலக்கு உண்டு. அதைக் கவனியுங்கள். வீட்டுக் காவல்காரன், கார் ஓட்டி, வீட்டு வேலைக்காரி ஆகியவர்கள் கறுப்பராயிருந்தால் அடித்தளத்திலோ, பின்பக்கத்துக் கொட்டகையிலோ தங்கலாமாம்! கறுப்பன் கார் ஓட்டினால் தெரு தீட்டாகாது. கறுப்பி சமைத்தால் சாப்பாடு தீட்டாகாது. ஆனால் அதே கறுப்பன் பணம் கொடுத்து வீடு வாங்கி வாசற்படியில் உட்கார்ந்தால் மட்டும் தெரு கெட்டுப் போய்விடும். நமது வால்ட்டர் கார் ஓட்டிதானே? அவன் பெண்சாதி வீட்டு வேலைக்காரிதானே? அந்த விலக்கில் எழுதப்பட்டிருப்பது இவர்களைத்தான். இந்த உத்தியோகங்களை இவர்களுக்கு ஆசிரியர் சும்மா கொடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இடத்தை அடைத்தவுடன் என்ன ஆயிற்று? உள்ளே நெருக்கம், நெருக்கத்தால் வாடகை உயர்வு, உயர்ந்த வாடகை கொடுத்தும் பொந்து வீடு. பணம் மிச்சப்படாது, மிச்சப்பட்டாலும் நல்ல இடத்தில் வாங்க முடியாது. ஆகவே, ஒருவன் செத்தால் வருகிற பணம்தான் அந்தக் குடும்பத்துக்கு ஒரே வழி என்று ஆகிவிட்டது. தகப்பன் பிணத்தின் மேல் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள் என்றால், அந்த நிலையில் அவர்களைக் கொண்டு வந்து நிறுத்தியவன் யார்? அவன் அந்த வீட்டுக்குள்ளேயே இல்லை. வெளியில் வேறு தெருவில் நல்ல வீட்டில் சுகமாகத் தூங்குகிறான்.

பெண்ணும் சாமியும்

இப்படிச் சொல்லுவதால், வீட்டுக்குள் இருக்கிறவர்கள் பேரில் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹான்ஸ்பெரி அம்மையாரும் அப்படிச் சொல்லவில்லை. வெளியில் மிதிபட்டு வந்த ஆண்பிள்ளை வீட்டுக்குள் வந்ததும் பெண்ணை மிதிக்கிறான். பெனீதாவைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிற ஜார்ஜ் மர்ச்சிசன் என்கிற பணக்காரக் கறுப்பு வாலிபன், நீ அழகாயிருந்தால் போதும், உன் யோசனைகளை நான் கேட்க வரவில்லை என்கிற பாவனையில் பேசுகிறான். அவளும் அவனை முட்டாள் என்று தள்ளி விடுகிறாள். தாயார் அவளை அதட்டவில்லை. முட்டாள் என்று தெரிந்தால் அவனோடு பொழுதை வீணாக்காதே என்று சொல்லி விடுகிறாள். நம் தாய்மார்கள் எத்தனை பேர், "பணக்கார இடம், பொறுத்துக் கொள்" என்று சொல்லாமல் இப்படிச் சொல்லுவார்கள்?

ஆனால் அதே தாயார் வேறொரு விஷயத்தில் என்ன செய்கிறாள் தெரியுமா? மனிதன் தன் முயற்சியால் செய்கிற காரியங்களுக்கெல்லாம் கடவுளுக்குப் பேர் கொடுப்பது எனக்குச் சலித்துப் போய்விட்டது, கடவுள் என்று ஒன்றும் இல்லை என்று பெனீதா சொல்லுகிறாள். உடனே தாயார் எழுந்து வந்து பெண்ணின் கன்னத்தில் அறைந்து, இந்த வீட்டில் கடவுள் உண்டு என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறாள். பெண்ணும் அடிக்குப் பயந்து சொல்லி விடுகிறாள். சொல்லி விட்டதனால் கடவுள் வந்துவிட்டாரா? தாயார் அப்பால் போனதும், கொடுமைக்காரத்தனத்தினால் வானத்தில் கடவுளைக் கொண்டு வந்து வைத்துவிட முடியாது என்ற பொருள்பட அந்தப் பெண் தன் அண்ணியிடம் சொல்லுகிறாள். கை ஓங்கி நிலைநாட்டப்பட்ட கடவுளுக்கு உள்ள யோக்கியதை இவ்வளவுதான் என்பதை ஒரு வார்த்தை பிரசாரமில்லாமல் அந்தக் காட்சி காட்டி விடுகிறது.

இது நிற்க, ஒன்றை நான் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கடைசியில் அந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறவள் இந்தத் தாயார்தான். அது எப்படி என்பதற்கு வருகிறேன்.

மரியாதையாகப் பேசுகிற மனிதர்

செக் வந்தது. தாயார் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி ஒரு வீடு பேசி விட்டாள். எங்கே? கிளைபோர்ன் பார்க் என்கிற, வெள்ளைக்காரர் மட்டுமே குடியிருக்கிற பகுதியில். அது ஆசிரியர் கற்பனையாக வைத்த பெயர். ஏன் அங்கே வாங்கினாள்? வெள்ளைக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிற ஆசையினாலா? இல்லை. கறுப்பர்களுக்கென்று ஊருக்கு வெளியே கட்டிய வீடுகளுக்கு இரட்டிப்பு விலை சொன்னார்கள். குறைந்த விலையில் நல்ல வீடு எது என்று பார்த்தாள். அது அங்கே இருந்தது. அவ்வளவுதான். பாக்கி 6,500 டாலரை மகனிடம் கொடுத்து, 3,000-ஐத் தங்கையின் படிப்புக்காக பாங்கில் போடு, மீதியை உன் பொறுப்பில் வைத்துக் கொள், இனி நீதான் குடும்பத் தலைவன் என்கிறாள்.

வீடு மாறுகிற நாளன்று ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். பெயர் கார்ல் லிண்ட்னர். கையில் தடி இல்லை. வாயில் வசவு இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கொண்டு, சங்கோசத்தோடு உட்காருகிறார். அந்தப் பகுதியின் "அபிவிருத்திச் சங்கம்" அனுப்பியதாகச் சொல்லுகிறார். ஆகா, நம்மை வரவேற்க வந்தார் போலிருக்கிறது என்று அந்த வீட்டார் காப்பி கூடக் கொடுக்கப் போகிறார்கள். அவர் சுற்றிச் சுற்றிப் பேசிக் கடைசியில் விஷயத்துக்கு வருகிறார். எங்கள் ஜனங்களும் உழைப்பாளிகள்தான், பணக்காரர்கள் அல்ல. நிறத்துவேஷம் என்பதே இதில் கிடையாது. ஆனால் அவரவர் தம் தம் இனத்தாரோடு இருந்தால்தான் எல்லோருக்கும் சந்தோஷம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஆகையால், நீங்கள் கொடுத்ததற்கு மேலேயே லாபம் வைத்து அந்த வீட்டை நாங்கள் வாங்கிக் கொள்ளுகிறோம் என்கிறார். வால்ட்டர் அவரை வெளியே போகச் சொல்லி விடுகிறான்.

தோழர்களே, நாடகம் முழுவதிலும் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற ஆசாமி இந்த லிண்ட்னர்தான். கல் எறிகிற காலியைக் கண்டால் எல்லோருக்கும் தெரிகிறது, அவன் காலி என்று. இவரோ சாது. தன்னைத் தானே நல்லவர் என்று நம்புகிறவர். இவருடைய வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். "அவரவர் இடத்தில் அவரவர் இருந்தால் சந்தோஷம்" என்றால், அவரவருக்கு இந்த இடம் என்று பங்கு போட்டவன் யார்? நல்ல தெருவைத் தான் எடுத்துக் கொண்டு, பொந்தை அடுத்தவனுக்கு விட்டவன், பிறகு வந்து பொந்துதான் உனக்குச் சந்தோஷம் என்று சொல்லுகிறான். அவனுக்குச் சந்தோஷமா இல்லையா என்று அவனைக் கேட்டதே கிடையாது. மேலும், துவேஷமே இல்லை என்றால் கையில் பணத்தோடு வருவானேன்? கொடுக்கிற லாபம் வீட்டுக்கு விலையா? இல்லை. "உன் முகத்தைப் பார்க்க எங்களுக்குச் சகிக்கவில்லை" என்பதற்கு விலை. வாங்கிக் கொண்டால், "ஆம், என் முகம் பார்க்கத்தக்கது அல்ல" என்று ரசீது எழுதிக் கொடுத்ததாக அர்த்தம்.

ரசீது எழுதப் போனவன்

அவர் போன சிறிது நேரத்தில் இடி விழுகிறது. வால்ட்டர் நம்பிய சிநேகிதன் வில்லி ஹாரிஸ் பணத்தோடு ஓடி விட்டான். வால்ட்டர் கொடுத்தது அவன் பங்கு மட்டுமல்ல; தங்கையின் படிப்புப் பணம் 3,000-மும் சேர்த்து 6,500 டாலரும் போய் விட்டது. பெண்ணின் படிப்புத்தானே என்று எடுத்துக் கொண்டான். தான் சம்பாதித்து அதைப் போல் பல மடங்கு தருவேன் என்று நினைத்தும் இருப்பான். இப்படித்தான் எல்லா வீட்டிலும் பெண் பங்கு முதலில் எடுக்கப்படுகிறது.

உடைந்து போன வால்ட்டர் லிண்ட்னருக்குத் தானே டெலிபோன் செய்து, வாருங்கள், உங்கள் பணத்தை வாங்கிக் கொள்ளுகிறோம் என்கிறான். உலகத்தில் பிடுங்குகிறவன், பிடுங்கப்படுகிறவன் என்று இரண்டே ஜாதிதான், இனி நான் பிடுங்குகிற பக்கம் என்று வேதாந்தம் வேறு பேசுகிறான். வெள்ளைக்காரர் எதிரில் எப்படி மண்டியிட்டுக் கெஞ்சப் போகிறான் என்று நடித்தும் காட்டுகிறான். தங்கை அவனை மனிதனே அல்ல என்கிறாள்.

இங்கேதான் தாயார் பேசுகிறாள். என்ன பேசுகிறாள்? கடவுள் காப்பாற்றுவார் என்றா? இல்லை. ஐந்து தலைமுறையாக நம் முன்னோர் அடிமைகளாகவும் வாரக் குடிகளாகவும் இருந்தார்கள்; ஆனால் இந்த மண்ணில் நடக்க உனக்கு யோக்கியதை இல்லை என்று சொல்லி நீட்டின பணத்தை ஒருவர்கூட வாங்கவில்லை; அவ்வளவு ஏழையாக நாம் என்றும் இருந்ததில்லை என்பது அவள் வார்த்தைகளின் சாரம். இதைத்தான் நான் முன்னே சொன்னேன். பெண்ணை அறைந்து கடவுளை நிலைநாட்டிய தாயார், உயிர் போகிற சமயத்தில் எடுத்தது வேதப் புத்தகத்தை அல்ல. உழைத்துச் செத்த மனிதர்களின் ஞாபகத்தை. பக்திமானிடத்திலும் சுயமரியாதை இருக்கிறது என்று ஒப்புக் கொள்ள நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அது பக்தியிலிருந்து வரவில்லை, மனிதத் தன்மையிலிருந்து வந்தது என்பதைக் கவனித்தால் போதும். இன்னும் ஒன்று: அண்ணனை வெறுத்துப் பேசுகிற பெண்ணைப் பார்த்து, ஒருவன் ஜெயித்து நிற்கும்போது அவனிடம் அன்பு காட்டுவது பெரிதல்ல, உலகம் அவனை அடித்துக் கீழே தள்ளியிருக்கும்போது காட்டுவதுதான் அன்பு என்று புத்தி சொல்லுகிறாள்.

லிண்ட்னர் வருகிறார். ரூத் பையனை வெளியே போகச் சொல்லுகிறாள். தாயார் தடுக்கிறாள்: அவன் இங்கேயே இருக்கட்டும், அவனுக்குப் புரியும்படி செய் என்கிறாள். பிள்ளையின் கண்ணெதிரில் தகப்பனுக்கு நாக்கு எழவில்லை. தடுமாறித் தடுமாறி ஆரம்பித்து, நாங்கள் சாதாரண ஜனங்கள், என் தகப்பன் கூலியாள், என் தங்கை டாக்டராகப் போகிறாள், இந்தப் பையன் இந்த நாட்டில் எங்களுக்கு ஆறாவது தலைமுறை, அந்த வீட்டை என் தகப்பன் உழைத்துச் சம்பாதித்துக் கொடுத்தார், நாங்கள் குடி வருகிறோம், உங்கள் பணம் வேண்டாம் என்று சொல்லி முடிக்கிறான். லிண்ட்னர் தாயாரைப் பார்த்துக் கெஞ்சுகிறார். மகன் சொன்ன பிறகு நான் சொல்ல ஒன்றுமில்லை என்று விடுகிறாள். சாமான்கள் வண்டியேறுகின்றன. எல்லோரும் போன பிறகு அந்த நோஞ்சான் செடியை எடுத்துக் கொண்டு கிழவி கடைசியாக வெளியேறுகிறாள்.

இது கற்பனையா?

சிலர் இதை மங்களமான முடிவு என்று நினைத்தார்கள். அப்படி நினைக்கிறவர்கள் அந்தக் குடும்பம் போகிற இடத்தில் வந்து குடியிருந்து பார்க்கட்டும் என்பதுபோல ஹான்ஸ்பெரி அம்மையார் பதில் சொன்னார். அவருக்குத் தெரியும். அவர் இருந்து பார்த்தவர்.

அவருடைய தகப்பனார் கார்ல் ஹான்ஸ்பெரி, யங்கர் குடும்பத்தைப் போல ஏழை அல்ல. சிக்காகோவில் வீட்டு வியாபாரம் செய்த பணக்காரர். 1937-ல் வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்கிக் குடும்பத்தோடு குடி போனார். கும்பல் கூடியது. ஜன்னல் வழியாக வந்து விழுந்த கல் சிறு பெண்ணாயிருந்த லொரேனின் தலையில் படாமல் தப்பியது. பள்ளிக்கூடம் போகும் வழியில் துப்பினார்கள், அடித்தார்கள். தகப்பனார் கோர்ட்டு வேலையாக வெளியூரில் இருக்கிற இரவுகளில், தாயார் கையில் துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றிக் காவல் காத்தார். மாகாணக் கோர்ட்டுகள் பத்திரத்தைக் காட்டி வெளியேறச் சொல்லி விட்டன. அந்தப் பத்திரம் செல்லுவதற்கு 95 சதவிகித வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். உண்மையில் போட்டவர்கள் ஏறத்தாழ 54 சதவிகிதம்தான். முந்தின வழக்கு ஒன்றில் 95 ஆகி விட்டது என்று பொய்யாக ஒப்புக் கொண்டிருந்தார்கள்; அந்தப் பொய்யே எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றார்கள்! 1940 நவம்பரில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, முந்தின வழக்கு ஹான்ஸ்பெரியைக் கட்டுப்படுத்தாது என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் இப்படிப் பத்திரம் எழுதுவதே தப்பு என்று அப்போது சொல்லவில்லை. இந்த ஒப்பந்தங்களைக் கோர்ட்டு அமல் நடத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948-ல்தான் வந்தது. 1946-ல் தகப்பனார் இறந்து விட்டார். அந்தப் போராட்டம்தான் அவர் ஆயுளைக் குறைத்தது என்று மகள் பிற்காலத்தில் எழுதினார்.

1948-க்குப் பிறகு கோர்ட்டு கை கொடுக்காது என்று ஆனதும், லிண்ட்னர்கள் பணப்பையோடு வந்தார்கள். பணமும் பலிக்காத இடத்தில் வெடிகுண்டு வந்தது. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிற பேதம் கூடாதென்று சட்டம் வந்தது 1968 ஏப்ரலில், அதுவும் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குப் பின். ஹான்ஸ்பெரி அம்மையார் அதைப் பார்க்கவில்லை. 1965-ல், 34-வது வயதிலேயே மறைந்தார்.

நாம் யார்?

இதெல்லாம் அமெரிக்காவின் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கலாம். நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்துத் திரும்பிய டாக்டர் அம்பேத்கர் 1917-ல் பரோடாவில் உத்தியோகத்துக்குப் போனார். தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் இருந்தார். விஷயம் தெரிந்ததும் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. பிறகு தெரிந்த இரண்டு சிநேகிதர்களைக் கேட்டார். ஒருவர், நீ என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர், மனைவியைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்றார். தடியோடு வந்தவர்களும் உண்டு. மரியாதையாகச் சொன்ன லிண்ட்னர்களும் உண்டு, பார்த்தீர்களா?

ஆகவே, தோழர்களே, இந்த நாடகத்தைக் கேட்டதும் நாம் எல்லோரும் நம்மை யங்கர் குடும்பத்தாராகவே நினைத்துக் கொள்ளுகிறோம். அது சுலபம். மேலே இருக்கிறவன் நம்மைத் தள்ளினால் ரத்தம் கொதிக்கிறது; நியாயந்தான். ஆனால் நம் தெருவில் ஒரு வீடு காலியாகி, நமக்குக் கீழே என்று சொல்லப்படுகிற ஒருவர் வாடகைக்குக் கேட்டு வந்தால், நாம் என்ன சொல்லுகிறோம்? "எனக்கு ஒன்றுமில்லை, அக்கம் பக்கத்தார்தான் பார்ப்பார்கள்" என்று சொல்லுகிறோமா இல்லையா? அப்போது நாம் யங்கரா, லிண்ட்னரா? மகனுடைய வியாபாரத்துக்கு முதல் வேண்டுமென்றதும் மகளுடைய படிப்புப் பணத்தில் கை வைக்கிறோமா இல்லையா? கருப்புச் சட்டை போட்டுக் கொண்டு, கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டு, இந்த இரண்டையும் செய்கிறவனைக் காட்டிலும், சாமி கும்பிட்டுக் கொண்டே அந்தப் பணத்தைத் தள்ளச் சொன்ன லீனாக் கிழவி ஆயிரம் மடங்கு மேலானவள் என்று நான் தைரியமாகச் சொல்லுவேன்.

நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுச் சண்டை ஒன்றை எடுத்துக் கொண்டு, அது எந்த அநியாயத்தினால் பிறந்தது, அதில் யாருடைய பங்கை யார் எடுக்கிறார்கள் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பாமல், அவர்களையும் பக்கத்தில் வைத்துக் கொண்டே பேசுங்கள்.